மாருதி 800-க்குப் பெரிய கேம் ஷாஃப்ட் போட்டால் மேடு ஏறுமா?

கொட்டகலை_800:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் பழைய மாருதி 800 ஒன்று இருக்கிறது, காபரேட்டர் வண்டி, நான்கு கியர். நான் வாங்கி ஆறு வருஷம், எனக்கு முன்னால் யார் யார் எப்படி ஓட்டினார்களோ, புத்தகத்தில் என் பெயர் ஐந்தாவது. தட்டையான ரோட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் கொட்டகலையில் தட்டையான ரோட்டுக்கு எங்கே போவது? மாமனார் வீடு நுவரெலியாவில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனைவி, அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர், எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பவேண்டும். தலவாக்கலை வரை எப்படியோ சமாளிக்கும். லிந்துலை தாண்டி நானுஓயாப் பக்கம் ஏறத் தொடங்கினால் மூன்றாவது கியர் நிற்காது, இரண்டாவதில் போட்டால் இன்ஜின் கத்துகிறது, வேகம் முப்பதைத் தாண்டாது, பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரன் அடித்தே என்னை மேலே தள்ளிக்கொண்டு போகிறார். போன வாரம் அம்மா "நான் வேணும்னா இறங்கி நடக்கட்டுமா" என்று கேட்டார். பகிடிக்குக் கேட்டாரா உண்மையாகவே கேட்டாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். சின்னச் சின்னக் கார்கள்கூட அந்த வளைவுகளில் சீறிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றபோது பக்கத்தில் இருந்த ஒருவர் "எல்லாம் கேம் ஷாஃப்ட் தம்பி, அதை மாத்தினா வண்டியே வேற" என்றார். இன்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கிற தண்டுதான் அது, அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். கண்டியில் ஒரு லேத் பட்டறையில் விசாரித்தேன், பழைய கேமையே அரைத்து லிஃப்ட், அதாவது வால்வு திறக்கிற உயரம், கூட்டித் தருகிறோம், 28,000 ரூபாய் என்றார்கள். இன்னொரு நண்பன் அதெல்லாம் வேண்டாம், ஆல்டோ கேம் ஷாஃப்ட் ஒன்று வாங்கிப் போடு, அதுவும் 796 சிசிதானே, அது 46 குதிரை, உன்னுடையது 37 குதிரை, வித்தியாசம் கேமில்தான் இருக்கிறது என்கிறான். இரண்டில் எது நல்லது? செய்தால் எவ்வளவு கூடும்?

வண்டியின் நிலை: நான் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை சூடேறி ஹெட் கழற்றிச் சீவியிருக்கிறார்கள். கேமைச் சுற்றவைக்கிற டைமிங் பெல்ட் இரண்டு வருஷத்துக்கு முன் மாற்றினேன். போன வருஷம் 155/70 டயரோடு 13 இன்ச் அலோய் வீல் போட்டேன், பார்க்க நன்றாக இருக்கிறது. பெற்றோல் லீட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. புகைச் சான்றிதழ் போன முறை இரண்டாம் தடவைதான் கிடைத்தது.

பஞ்சிகாவத்தை_பார்சல்:

ஆல்டோ கேமை மறந்துவிடு மச்சான். சிசி ஒன்றாக இருந்தால் இன்ஜினும் ஒன்று என்று அர்த்தம் இல்லை. உன்னுடையது எஃப்8பி, சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மொத்தம் ஆறு. ஆல்டோவில் இருப்பது எஃப்8டி, சிலிண்டருக்கு நான்கு, மொத்தம் பன்னிரண்டு. ஹெட்டே வேறு சாதி. அந்தக் கேமை உன் ஹெட்டில் வைத்தால் உட்காரக்கூடச் செய்யாது. இந்தக் கேள்வியோடு மாதம் ஒருத்தராவது கடைக்கு வருகிறார்கள், வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வருபவர்களும் உண்டு. அந்தப் பன்னிரண்டு வால்வுதான் வேண்டும் என்றால் முழு இன்ஜினையும் வயரிங், கம்ப்யூட்டர், பெற்றோல் பம்ப் எல்லாம் சேர்த்து இறக்கவேண்டும், அந்தக் காசுக்கு உன் வண்டியை விற்றுவிட்டு ஆல்டோவே வாங்கலாம்.

ஓய்வு_ஸ்பேனர்:

தம்பி, முப்பது வருஷம் ஹட்டன் பக்கம் கொழுந்து லொறிக்கும் தோட்டத்து ஜீப்புக்கும் கீழே படுத்துக் கிடந்தவன் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

கேம் ஷாஃப்ட் குதிரை விளைகிற தோட்டம் இல்லை. வால்வை எப்போது திறப்பது, எவ்வளவு தூரம் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. பிஸ்டன்கள் சுற்றவைக்கிற கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பிஸ்டன் கீழே போய்க் காற்றை இழுத்துவிட்டுத் திரும்ப ஏறத் தொடங்கிய பிறகும் காற்று உள்ளே வருகிற இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். அது தவறி நடப்பது இல்லை, வேண்டுமென்றே வைத்தது. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே ஓடி வருகிற காற்றுக்கு ஒரு உந்தல் இருக்கும், பிஸ்டன் ஏறத் தொடங்கினாலும் பின்னால் வருகிற காற்று முன்னால் போனதைத் தள்ளிக்கொண்டு வந்து நிரப்பும். பெரிய கேம் என்று சொல்வது இந்த மூடும் நேரத்தை இன்னும் தள்ளிப்போடுகிற கேம்தான். நிமிடத்துக்கு 6000 சுற்றில் அது லாபம். 2000 சுற்றில் என்ன நடக்கும்? உந்தல் இருக்காது, வந்த கலவையில் ஒரு பங்கைப் பிஸ்டன் வந்த வழியிலேயே வெளியே தள்ளிவிடும். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தை அழுத்தி எரித்தால் எவ்வளவு இழுவை வரும்?

உங்கள் இன்ஜின் 37 குதிரை தருவது 5000 சுற்றில். ஆனால் அதன் உச்ச முறுக்கு விசை 59 நியூட்டன் மீட்டர், அது 2500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. வேலைக்குப் போகிற மனிதன் குடும்பத்தோடு ஓட்டட்டும் என்று கீழ்ச் சுற்றில் இழுக்கிற மாதிரிச் செய்த இன்ஜின் அது. நானுஓயா ஏற்றத்தில் என்ன செய்கிறீர்கள்? வளைவுக்கு வளைவு காலை எடுத்து, பிரேக் போட்டு, எதிரே லொறி வந்தால் ஒதுங்கி நின்று, மறுபடி 1800, 2000 சுற்றிலிருந்து இழுக்கிறீர்கள். பெரிய கேம் உங்களைக் கைவிடும் இடம் சரியாக அதுதான். மகாகஸ்தோட்டவில் பார்த்த கார்களை 4000 சுற்றுக்குக் கீழே வரவே விடமாட்டார்கள். அதற்குத் தகுந்த கியர், காபரேட்டர், சைலன்சர், ஹெட் எல்லாம் சேர்த்துச் செய்தது. பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் இல்லை, பின் சீட்டே இல்லை.

அடுத்தது, நீங்கள் வண்டியைத் திட்டுகிறீர்கள், பாதித் திட்டு காற்றுக்குச் சேரவேண்டியது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்போடு பார்த்தால் அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 37 குதிரையோடு புறப்பட்ட வண்டி மேலே போய்ச் சேரும்போது 30 குதிரைதான், ஏழு குதிரை வழியிலேயே இறங்கிவிடும். எந்தக் கேம் போட்டாலும் இது மாறாது. இதில் காபரேட்டர் வேறு தன் பங்குக்கு ஒரு வேலை செய்யும். காற்று மெலிந்தது அதற்குத் தெரியாது, பெற்றோலைத் தாராளமாக ஊற்றிக்கொண்டே இருக்கும், கலவை தடித்துப்போகும். லீட்டருக்கு 12 கிலோமீட்டர், புகைச் சான்றிதழில் இழுபறி, மேட்டில் மந்தம், மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். கீழ்நாட்டுக்கு வைத்த மெயின் ஜெட்டை, அதாவது காபரேட்டரில் பெற்றோல் வருகிற துளையை, எடுத்துவிட்டு ஓர் அளவு சின்னது போடவேண்டும். இக்னிஷனை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, இரண்டு மூன்று டிகிரி முன்னால் வைக்கலாம், மேலே அழுத்தம் குறைவு என்பதால் 92 பெற்றோலிலேயே இன்ஜின் தட்டாமல் தாங்கும். கொழும்புக்கு இறங்கும்போது மட்டும் காதைக் கொடுத்துக் கேளுங்கள், தட்டினால் பழைய இடத்துக்குத் திருப்பிவிடவேண்டும்.

இப்போது அந்த அலோய் வீல். உங்கள் வண்டிக்கு வந்த டயர் 145/70, 12 இன்ச். அதன் விட்டம் 508 மில்லிமீட்டர். நீங்கள் போட்டிருப்பது 547. எட்டு விழுக்காடு பெரிது. அதாவது எல்லாக் கியரும் எட்டு விழுக்காடு உயர்ந்துவிட்டது, சக்கரத்துக்குப் போகிற இழுவை அவ்வளவு குறைந்துவிட்டது. இருந்த இழுவையை டயர் கடையில் காசு கொடுத்துத் தொலைத்துவிட்டு, அதையே இப்போது லேத் பட்டறையில் 28,000-க்கு வாங்கப் பார்க்கிறீர்கள்.

ஹெட் சீவியது என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் விடமுடியாது. ஹெட் கீழே இறங்கினால் கிராங்குக்கும் கேமுக்கும் நடுவில் உள்ள தூரம் குறைகிறது, பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தை டென்ஷனர் இழுத்துப் பிடித்துவிடும், ஆனால் கேம் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். பின்தங்கிய கேமும் பெரிய கேம் மாதிரிதான், கீழ்ச் சுற்றில் இழுவையைத் தின்னும். பெல்ட் மாற்றியவர் ஒரு பல் தள்ளிப் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே முதலில் ராக்கர் கவரைக் கழற்றுங்கள். டைமிங் குறிகள் நேராக இருக்கின்றனவா பாருங்கள், வால்வுக்கும் அதைத் தள்ளுகிற ராக்கர் நெம்புகோலுக்கும் நடுவில் உள்ள டேப்பட் இடைவெளி பாருங்கள், பிறகு கேமில் ராக்கரைத் தள்ளுகிற மேடுகளான ஆறு லோப்பையும் வேர்னியர் அளவுகோலால் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். கம்ப்ரெஷனும், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்றும், பாருங்கள். ஆனால் ஒன்று, மெனுவலில் உள்ள கம்ப்ரெஷன் அளவு கடல் மட்டத்துக்கு எழுதியது. நம் ஊரில் நல்ல இன்ஜினே பத்துப் பதினைந்து விழுக்காடு குறைத்துக் காட்டும், நுவரெலியாவில் இன்னும் குறையும். இது தெரியாமல் ரிங் போய்விட்டது என்று சொல்லி எத்தனை நல்ல இன்ஜினை இந்த மலையில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா. மூன்று சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், அதுதான் பேசும்.

அப்புத்தளைக்_காற்று:

ஸ்பேனர் அண்ணன் சொல்வதை நான் காசு கொடுத்துப் படித்தேன். என்னிடம் இருந்தது 1300 சிசி பழைய ஜப்பான் கார், காபரேட்டர்தான். பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில் கேமை அரைத்துக் கொடுத்தார்கள். அரைப்பது என்றால் லோப்பின் மூக்கில் எதையும் ஒட்டமுடியாது, அடி வட்டத்தைச் சுற்றிக் குறைப்பார்கள், அப்போதுதான் மூக்கு உயர்ந்த மாதிரி வரும். மேலே இருக்கிற கடினமான தோல் எவ்வளவு மிச்சம் என்று யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் நாள் சந்தோஷம்தான். தியத்தலாவைப் பக்கம் நேரான துண்டு ஒன்றில் 5000 தாண்டியதும் வண்டி வேறு மாதிரி ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஐட்லிங் 1200-க்குக் கீழே வைத்தால் நின்றுபோகும், பண்டாரவளை டவுனில் நெரிசலில் நின்றால் பழைய டிராக்டர் மாதிரி உதறும். மேடு ஏறுவதில் முன்பு மூன்றாவதில் போன இடத்தில் இரண்டாவது. பெற்றோல் செலவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

என்னைப் பயமுறுத்தியது வேறு ஒன்று. இந்தக் கேம்களில் புகை வெளியேறுகிற எக்ஸ்ஹோஸ்ட் வால்வு மூடுவதற்கு வெகு முன்பே இன்டேக் திறந்துவிடும், இரண்டும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் கூடுதல். அதனால் ஐட்லிங்கில் இன்ஜின் உறிஞ்சுகிற வெக்குவம் விழுந்துவிடுகிறது. பெடலை லேசாக்குகிற பிரேக் சேர்வோ அந்த வெக்குவத்தில்தானே வேலை செய்கிறது. கியரில் இறங்கும்போது பரவாயில்லை, ஆனால் ஒரு நாள் அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும்போது பனிமூட்டம், முன்னால் எல்லாம் நின்றுவிட்டது, நானும் கிளச்சை மிதித்து பிரேக்கை இரண்டு மூன்று தடவை அழுத்தினேன், நான்காவது தடவை பெடல் கல்லாக இருந்தது. கை பிரேக்கையும் இழுத்து நிறுத்தினேன், முன்னால் நின்ற லொறிக்கும் எனக்கும் ஒரு கை இடைவெளி. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த வாரம் பழைய கேமையே திரும்பப் போட்டேன். ரதல்ல குறுக்குப் பாதையில் இறங்குகிறவர்கள் இந்த விளையாட்டுக்குப் போகாதீர்கள்.

நானுஓயா_நைட்மெயில்:

ஒரு சந்தேகம். அப்படியென்றால் கேமை மாற்றுவதே வீண் வேலையா? ஹோண்டாவில் வீடெக் என்று இருக்கிறதே, அதுவும் கேம்தானே? ஒரு வண்டியிலேயே கீழேயும் இழுக்கிறது மேலேயும் ஓடுகிறதே?

கனடாக்_கொழுந்து:

நைட்மெயில் தம்பிக்கு: வீடெக் இந்தச் சண்டையைத் தீர்க்க வந்ததுதான். ஒரே ஷாஃப்டில் இரண்டு மாதிரி லோப் இருக்கும், கீழ்ச் சுற்றுக்கு ஒன்று, மேல் சுற்றுக்கு ஒன்று. குறிப்பிட்ட சுற்று வந்ததும் எண்ணெய் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி ராக்கரைப் பெரிய லோப்போடு பூட்டிவிடும். 1989-இல் இன்டெக்ராவில் போட்டார்கள். ஒரே கேம் இரண்டு வேலையும் நன்றாகச் செய்யுமானால் ஹோண்டாக்காரன் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டான்.

நான் பொகவந்தலாவையில் பிறந்து இப்போது கனடாவில் இருப்பவன். இங்கே வந்த புதிதில் நான் ஓட்டியது சுசுகியின் இன்னொரு மூன்று சிலிண்டர் வண்டி, ஜி10 இன்ஜின், 993 சிசி. உங்கள் 800-க்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. அமெரிக்காவில் அதை ஜியோ மெட்ரோ என்ற பெயரில் விற்றார்கள். அதில் சாதாரண மாடல் 55 குதிரை. 1990 முதல் 1994 வரை எக்ஸ்எஃப்ஐ என்று பெற்றோல் மிச்சம் பிடிக்கிற மாடல் ஒன்று வந்தது, அது 49 குதிரை. இன்ஜின் அதேதான், வேறு கேம் ஷாஃப்ட், இன்னும் சில சில்லறை மாற்றங்கள். உச்சக் குதிரை சாதாரணத்தில் 5700 சுற்றில் வரும், எக்ஸ்எஃப்ஐயில் 4700 சுற்றிலேயே வந்துவிடும். உச்ச முறுக்கு விசை இரண்டிலும் ஒன்றே. அதாவது கம்பனிக்காரன் தானாகவே கேமைச் சின்னதாக்கி ஆறு குதிரையைக் கழற்றி வைத்தான், மேல் சுற்றில் இருந்ததை எடுத்துக் கீழே கொண்டுவந்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்எஃப்ஐ வைத்திருந்தவர்களில் சிலர் ஹைவேயில் ஏறும்போது பிக்கப் போதவில்லை என்று சாதாரணக் கேமைத் தேடிப் போடுவார்கள், சாதாரண வண்டி வைத்திருந்தவர்களில் சிலர் பெற்றோல் மிச்சம் பிடிக்க எக்ஸ்எஃப்ஐ கேமைத் தேடுவார்கள். இரண்டு பேருமே வாங்கியது எதையும் கூட்டவில்லை, இருந்ததை இடம் மாற்றினார்கள். கொட்டகலைக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கொட்டகலை_800:

எல்லாருக்கும் பெரிய நன்றி. அலோய் வீல் விஷயத்தை மனைவியிடம் வாசித்துக் காட்டியது என் தவறு, இனி வீட்டில் எதை வாங்கினாலும் "எட்டு விழுக்காடு" என்றுதான் பேச்சு. ஸ்பேனர் அண்ணனிடம் ஒரு கேள்வி, கேம் பின்தங்கினால் இழுவை போகும் என்றீர்கள், அப்படியென்றால் பெல்ட்டை ஒரு பல் முன்னால் தள்ளிப் போட்டால் காசு செலவில்லாமல் இழுவை கூடாதா?

ஓய்வு_ஸ்பேனர்:

கேள்வி சரி, கை சும்மா இருக்கட்டும். கேம் பல்சக்கரத்தில் எத்தனை பல் என்பதைப் பொறுத்து ஒரு பல் என்பது கிராங்கில் 15 முதல் 20 டிகிரி வரை வரும். நமக்கு வேண்டியது மூன்று நான்கு டிகிரி. உப்புக் குறைந்தது என்று பானையில் ஒரு படி உப்பைக் கொட்டுவது மாதிரி ஆகிவிடும், பிஸ்டன் வால்வில் இடித்தால் கதை அதோடு முடிந்தது. துளை நீட்டி நகர்த்துகிற பல்சக்கரம் அல்லது பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிற கட்டையைக் கொஞ்சம் விலக்கிப் போட்டுத்தான் அதைச் செய்வார்கள், செய்தாலும் பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை ஒட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிதுங்கிய களிமண்ணின் தடிப்பை அளந்து பார்த்த பிறகுதான் வண்டிச் சாவியைத் திருப்புவார்கள். பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரும் உங்கள் கேமால்தான் ஓடுகிறது, கேமை நகர்த்தினால் இக்னிஷனும் கூடவே நகரும், அதையும் திரும்ப வைக்கவேண்டும். முதலில் லோப்பை அளந்தீர்களா? அதைச் சொல்லுங்கள்.

பஞ்சிகாவத்தை_பார்சல்:

ஜெட் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பத்துப் பேரில் எட்டுப் பேர் தவறான அளவு போட்டு பிளக்கை வெளுக்க வைத்து இன்ஜினைச் சூடாக்குகிறார்கள். காபரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, குளிரில் ஸ்டார்ட் பண்ணக் காற்றை அடைக்கிற சோக் தகடு முழுசாகத் திறக்கிறதா பார்த்தாலே பாதி சரியாகிவிடும். மற்றபடி அண்ணன் சொல்வதுதான்.

கொட்டகலை_800:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தோட்டத்து பெக்டரியில் வேலை செய்கிற என் மச்சினன் வேர்னியர் கொண்டுவந்தான், பத்தனைச் சந்தியில் இருக்கிற கராஜ் பாஸ் கூட நின்றார்.

சோக் தகடு முழுசாகத் திறக்கவில்லை, பார்சல் சொன்னது சரி. டைமிங் குறி நேராகத்தான் இருந்தது. கம்ப்ரெஷன் 138, 135, 140, பாஸ் முதலில் உதட்டைப் பிதுக்கினார், நான் நம் ஊர் உயரத்தைச் சொன்னதும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு "சரிதான்" என்றார். ஆறு லோப்பில் ஐந்து ஒன்றுக்கொன்று பொட்டளவு வித்தியாசம். நடுச் சிலிண்டரின் இன்டேக் லோப் மட்டும் மற்ற இரண்டையும்விட 1.3 மில்லிமீட்டர் கட்டை! மச்சினன் தவறாகப் பிடித்துவிட்டான் என்று மூன்று தடவை அளந்தோம். கையால் தடவினாலே தெரிந்தது, மூக்கு சப்பையாகி ஓரத்தில் கோடு கோடாகக் கீறல். அதன் மேலே ஓடுகிற ராக்கரின் பாதமும் குழி விழுந்து போயிருந்தது. ராக்கர் ஷாஃப்டைக் கழற்றினால் அந்த இடத்து எண்ணெய்த் துளை கறுப்புச் சேறு பிடித்து அடைத்துக் கிடந்தது. முன்னால் ஓட்டியவர்கள் எண்ணெய் மாற்றிய லட்சணம் அப்படி. இத்தனை நாளும் நான் ஓட்டியது இரண்டே கால் சிலிண்டர் கார்.

ஆக, கடைசியில் கேம் ஷாஃப்ட் மாற்றத்தான் செய்தேன். பெரியது இல்லை, கம்பனி அளவிலேயே நல்ல கேம் ஒன்றும் ஆறு ராக்கரும் பார்சல் அண்ணன் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். பழைய ராக்கரைப் புதுக் கேமில் ஓட்டாதே, இரண்டு நாளில் புதியதையும் தின்றுவிடும் என்று சொன்னவரும் அவர்தான். லோப்புகளில் பூசுகிற தடித்த எண்ணெய் பூசி, ஸ்டார்ட் பண்ணியதும் ஐட்லிங்கில் விடாமல் 2000 சுற்றில் இருபது நிமிடம் பிடித்து வைத்தோம், பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டேப்பட் வைத்து, ஜெட்டும் ஓர் அளவு குறைத்தோம், பிளக் இப்போது பிஸ்கட் நிறம். பழைய 12 இன்ச் வீல் நல்லவேளை மாமனார் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்தது.

போன ஞாயிறு போய் வந்தோம், அதே ஐந்து பேர். லிந்துலை தாண்டி மூன்றாவதிலேயே ஏறியது. நானுஓயாவில் இறுகிய வளைவுகளில் இரண்டாவதுதான், ஆனால் வெளியே வந்ததும் மூன்றாவதைப் போட்டால் இழுக்கிறது, நாற்பது வரை வந்தது. ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்ததில் லீட்டருக்கு 15. மலையேற்றப் போட்டிக்குப் போகமுடியாது, ஆனால் அம்மா பின் சீட்டில் தூங்கிவிட்டார்.

ஓய்வு_ஸ்பேனர்:

நல்லது தம்பி. 1000 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றிவிடுங்கள், புதுக் கேம் தேய்ந்து படிந்த தூள் எல்லாம் அதில்தான் இருக்கும். அப்போதே டேப்பட்டையும் இன்னொரு தடவை பாருங்கள், நடுச் சிலிண்டர் ராக்கருக்கு எண்ணெய் ஏறுகிறதா என்று கவரைத் திறந்து கண்ணால் பார்க்காமல் மூடவேண்டாம்.

பஞ்சிகாவத்தை_பார்சல்:

அந்த 13 இன்ச் அலோய் நான்கும் என்ன விலைக்குக் கொடுக்கிறாய்?